ஒரு வரி விடாமல்

“அறிக்கைன்னா இப்படி இருக்கணும்!” மேனேஜர் மேஜையைத் தட்டினார். “ஆபீஸ் செலவைக் குறைக்க வழி கேட்டேன். ஏழே வரியில முடிச்சுட்டியேம்மா! மத்தவங்க வளவளன்னு எழுதித் தள்ளுவாங்க.”

“முழுசாப் படிச்சிட்டீங்களா சார்?” புரோகிராமர் தயக்கத்தோடு கேட்டாள்.

“பதினஞ்சு வருஷமா இந்த நாற்காலியில சும்மாவா உட்கார்ந்திருக்கேன்? ஒரு வரி விடாமப் படிச்சேன்!”

‘எனக்கு முழுச் சம்மதம். இன்றே அமல்படுத்தலாம்’ என்று கணினியில் அறிக்கையின் அடியில் தட்டச்சு செய்து, முதலாளிக்கு அனுப்பியும்விட்டார்.

அரை மணி நேரத்தில் முதலாளியே வந்து மேனேஜரின் கையைக் குலுக்கினார்.

“இந்த மனசு யாருக்கு வரும்? அஞ்சாவது பகுதியைத் திறந்து படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு. நீங்க சொன்னபடி இன்னைக்கே அமல்படுத்திட்டேன்!”

மேனேஜர் அவசரமாகத் திரையைப் பார்த்தார். ‘5. தேவையற்ற பதவிகள்’ என்ற ஒற்றை வரிதான் இருந்தது.

“அதெல்லாம் வெறும் தலைப்பு சார். விஷயத்தை உள்ளே மடிச்சு வெச்சிருக்கேன்” என்றபடி அருகில் வந்த புரோகிராமர், திரையில் அந்த வரிக்கு முன்னால் இருந்த கூட்டல் குறியை அழுத்தினாள். நாற்பது வரிகள் சரசரவென்று விரிந்தன.

முதல் வரி: ‘மேனேஜர் பதவி. காரணம்: அவர் எதையும் திறந்து படிப்பதே இல்லை.’