நான்கு வரி இடம்

மாதவராமன் தன் வரிகளைப் போன வாரமே பாடிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இப்போதெல்லாம் ஜோடிப் பாட்டுக்கு ஜோடியாக நிற்க வேண்டியதில்லை. அவர் விட்டுவைத்த நான்கு வரி இடத்தை ஜெசிந்தா கண்ணாடி அறைக்குள் தனியாக நின்று நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். ஏற்கெனவே இரண்டு பாடகிகள் வந்து பாடிப் பார்த்துச் சரிவராமல் போயிருந்தார்கள்.

ஹெட்போனில் அவர் குரல் நின்று அவளுடைய இடம் வந்தது. அங்கே பாட்டு இல்லை; மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"சாரோட மூச்சு மைக்ல விழுந்திருக்கும்மா," என்றார் ஒலிப்பதிவாளர் தாவூத். "முன்னாடி வந்த ரெண்டு பேருக்கும் அதைக் கட் பண்ணித்தான் குடுத்தேன். இரு, எடுத்துடறேன்."

அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுபத்தெட்டு வயது மனிதர், யாரென்றே தெரியாத ஒருத்தியின் வரிகளை வாய்க்குள்ளேயே கூடப் பாடியிருக்கிறார். அவள் மூச்செடுக்க வேண்டிய இடத்திலெல்லாம் எடுத்திருக்கிறார். மூன்றாம் வரியின் நடுவில் மட்டும் எடுக்கவேயில்லை.

"வேண்டாண்ணா, இருக்கட்டும்," என்று சொல்லி, ஓடிக்கொண்டிருந்த பாட்டை அங்கேயே நிறுத்தச் சொன்னாள். "டேக் போயிடலாம்."

அவருடைய மூச்சைப் பிடித்துக்கொண்டே பாடினாள். மூன்றாம் வரியில் நெஞ்சு காற்றுக்குத் தவித்தது. அவர் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. நான்காம் வரி முடிந்து, அவர் குரல் திரும்பி வருவதற்கு முன்பிருந்த துளி அமைதியில், மெல்ல ஒரு "பலே" கேட்டது.

அதையும் அவர் போன வாரமே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.