கேம் போட்டால் மட்டும்

"ஷிஜோ அண்ணா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. அம்மாவுக்குக் கேட்டுரும்."

"ஏன்டா, நான் ஊட்டியில உக்காந்து பேசறது கிளென்மார்கன்ல சித்திக்குக் கேட்டுருமா?"

டெனினுக்குச் சிரிப்பு வரவில்லை. எஸ்டேட் லைன் வீட்டுக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டி மறைவில், போனைக் காதில் வைத்து, குடையைத் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நின்றான். ஷிஜோ அவனுடைய பெரியம்மா மகன். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை. இதைச் சொல்ல வேறு ஆளில்லை.

"கம்ப்யூட்டர் தானா ஆஃப் ஆகித் தானா ஆன் ஆகுதுங்ண்ணா. தொட்டா சுடுது."

"சுடுதா? இந்த மழையில ஊரே கம்பளிக்குள்ள சுருண்டு கெடக்குது. எஸ்டேட்ல சூடா இருக்கறது டீயும் உன் கம்ப்யூட்டரும்தான் போல. என்ன பண்ணிட்டிருக்கறப்ப ஆகுது?"

டெனின் தொட்டி மறைவிலிருந்து வீட்டு வாசலை எட்டிப் பார்த்தான்.

"டேய்!"

"கேமுங்ண்ணா... கார் ரேஸ்."

"அப்படிப் போடு!"

அதற்கு மேல் டெனினால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். பிளஸ் டூ பரீட்சை முடியும்வரை கேம் பக்கமே போக மாட்டேன் என்று சர்ச்சில் பைபிள் மேல் கைவைத்துச் சொன்ன பிறகுதான் அப்பா செல்லதுரை கம்ப்யூட்டர் வாங்கவே சம்மதித்தார். டீ ஃபேக்டரியில் வேலை பார்க்கும் மனிதர். அதிகம் பேச மாட்டார். அன்று பேசினார். "கேம் போட்டேன்னு தெரிஞ்சுது, அன்னைக்கே துணியக் கட்டிக்க. கோயமுத்தூர் ஹாஸ்டல்தான்."

இரண்டு மாதமாக விளையாடிக்கொண்டிருக்கிறான். காதில் ஹெட்போன், ஒரு கண் வாசலில். செருப்புச் சத்தம் கேட்டால் உடனே திரையில் வேதியியல் பாடம். வீட்டில் யாருக்கும் தெரியாது.

"ரிப்பேர்னு தெரிஞ்சா அப்பா எப்படி ஆச்சுன்னு கேப்பாருங்ண்ணா. நான் என்ன சொல்லட்டும்?" மூக்கை உறிஞ்சினான். "இன்னொண்ணு. சிரிக்கக் கூடாது. மூணு மணி நேரம் பாடம் பாத்தாலும் ஒண்ணும் ஆகறதில்ல. கேம் போட்டா மட்டும் கால் மணி நேரத்துல செத்துருது. கர்த்தர் எதுனா..."

"ஆமா, கர்த்தருக்கு உன் சிபியூவை ரீஸ்டார்ட் பண்றதுதான் வேலை! அழுவாத. சனிக்கிழமை வர்றேன்."

வந்தான். சிபியூவைத் தூக்கி ஜன்னலோரம் வெளிச்சத்தில் வைத்து, மூடியைக் கழற்றி, தூசியை ஊதினான். உள்ளே சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினான். ஃபேனை விரலால் சுற்றிப் பார்த்தான். டெனின் நகத்தைக் கடித்துக்கொண்டே பக்கத்தில் நின்றான்.

டெனினின் அம்மா தபித்தாள் டீயுடன் வந்தாள். "ஏங்கண்ணு, பெரிய ரிப்பேருங்களா?"

"சும்மா செக் பண்றேன், சித்தி."

அவள் உள்ளே போனதும் மூடியைப் போட்டு, கேமை ஓட்டினான். பத்து நிமிடம். இருபது. அரை மணி நேரம். திரையின் மூலையில் சூட்டைக் காட்டும் எண் அறுபத்தைந்தைத் தாண்டவில்லை.

"நல்லாத்தானடா ஓடுது? கனவு கினவு கண்டியா?"

"ஆண்டவர் சத்தியமாங்ண்ணா..."

"நீ சத்தியம் மட்டும் பண்ணாத. ஏற்கெனவே பண்ணுனதே போதும்."

சிபியூவைப் பழைய இடத்துக்கே நகர்த்தினார்கள். சமையலறையை மறைத்துத் தொங்கும் திரைச்சீலையை ஒட்டி மேஜை. மேஜைக்குக் கீழே சிபியூ. சும்மா இன்னொரு முறை பார்ப்போமே என்று ஷிஜோ கேமைப் போட்டான். எழுபது. எண்பத்திரண்டு. தொண்ணூற்றேழு. பொட்டென்று அணைந்தது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று துள்ளிய டெனின், அடுத்த நொடி முகம் வெளுத்தான். "அப்ப நெஜமாவே போயிருச்சுங்களா?"

ஷிஜோவுக்குத் தலை சுற்றியது. அதே மெஷின், அதே கேம். நாலடி தள்ளி வைத்தால் நன்றாக ஓடுகிறது, இங்கே வைத்தால் சாகிறது. தரையில் படுத்து, மேஜைக்கு அடியில் கையை விட்டு, சிபியூவின் பின்பக்கத்தைத் தடவினான். சொதசொதவென்று ஏதோ கையில் பட்டது. வெதுவெதுப்பாக வேறு இருந்தது. படக்கென்று திரைச்சீலையை விலக்கினான்.

அந்தப் பக்கம் ஒரு முக்காலி. சூடான காற்று வெளியேறும் ஓட்டைகளை முழுசாக அடைத்துக்கொண்டு அதன் மேல் ஒரு காக்கிப் பேன்ட், ஒரு ஸ்வெட்டர், இரண்டு ஜோடி சாக்ஸ். மழைக்காலத்தில் சமையலறை முழுக்கத் துணிதான் தொங்கும். இதைத் தனியாக யார் கவனிப்பார்கள்?

"சித்தி!"

தபித்தாள் கரண்டியோடு ஓடிவந்தாள். "அய்யோ, இழுக்காத கண்ணு! இப்பத்தான் காய ஆரம்பிச்சுது."

"காத்து போற வழியையே அடைச்சு வெச்சிருக்கீங்களே! பொழுதன்னைக்கும் இதுலதான் காயப் போடறீங்களா?"

"பொழுதன்னைக்கும் போட்டு என்ன பிரயோசனம்? இவன் படிக்கிறப்பச் சில்லுனுதான் காத்து வருது. கார் ஓட்டுறப்பத்தான் சூடா வருது," என்றபடி பேன்ட்டைத் திருப்பிப் போட்டாள் தபித்தாள். "நேத்துக்கூட உங்க சித்தப்பா பொலம்பறாரு, 'காலைல ஷிஃப்ட்டு, பேன்ட் ஈரமாக் கெடக்குது, இந்தப் பையன் என்னடான்னா இன்னும் புஸ்தகத்தையே கட்டிட்டு அழுவறான்'னு."