அறுத்த காக்கை

அறையில் இருந்தவர்கள்: பேராசிரியர், தீனி போடும் அக்கா, ஆளுயரக் கூண்டுக்குள் சண்டியர் என்கிற காக்கை.

காக்கைகள் எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்பதுதான் அங்கே ஆராய்ச்சி. சண்டியரை நேற்று அறுத்துவிட்டார்கள். அதன் மூளை மேசைமேல் குடுவையில் இருந்தது. இன்று காலை, இடது காலில் இரண்டு விரல் இல்லாத அதே சண்டியர், கூண்டிலிருந்த பட்டன்களில் சரியானதை அழுத்திக் கடலை தின்றுகொண்டிருந்தது.

"மூளை இங்க இருக்கு. அப்போ அது எதை வெச்சு யோசிக்குது?" என்றார் பேராசிரியர். "பிடிச்சுக் குடும்மா, மறுபடி அறுத்துப் பார்த்துடலாம்."

"நேத்து புத்தி கெட்டுப்போய்க் குடுத்தேன் சார். இன்னைக்கு வேலையை விட்டுத் தூக்கினாலும் தர மாட்டேன்."

அக்கா விறுவிறுவென்று கூண்டுக்குள் போய் நின்றுகொண்டாள். அவர் கத்தியோடு வந்தார். சண்டியர் பறந்து இறங்கி, அவளுக்குப் பின்னால் கதவை அலகால் இழுத்துச் சாத்தி, உள்தாழ்ப்பாளைப் போட்டது.