சிவப்புச் சட்டை

“உன் கார்வெல் காலேஜ் பசங்க கோழி பிடிக்கிற மாதிரி ஓடுறானுங்க, டார்லீன்! இதுக்குப் பேரு கூடைப்பந்தா?”

எதிரணியின் சிவப்புச் சட்டையில் வந்திருந்த வெர்னல், டி.வி.யைக் காட்டிச் சிரித்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மனைவியின் கண்கள் டி.வி.யிலேயே இருந்தன.

“ஃபுட்பால்லயும் இதே லட்சணம்தான். அந்தக் கோச்சுக்கு நம்ம வீட்டு நாயே தேவலை!”

உள்ளே வந்த நர்ஸ் ஷனீஸ் முறைத்தாள்.

“மனசாட்சியே இல்லையா சார்? பக்கவாதம் வந்ததுலேர்ந்து அவங்க ஒரு வார்த்தை பேசல. இப்பப் போய் அவங்க டீமைத் திட்டுறீங்க. அதுவும் இந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு!”

“திட்டுவேன். தோத்தாங்கோளி டீம்!”

கட்டிலில் டார்லீனின் உதடுகள் துடித்தன.

“ச... சட்டையக்... கழட்டுய்யா!”

ஷனீஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

வெர்னல் சிவப்புச் சட்டையை உருவி எறிந்தார். உள்ளே, கல்யாணமான புதிதில் இருவரும் ஜோடியாக வாங்கிய கார்வெல் அணியின் நீலச் சட்டை.

“கழட்டிட்டேன்டி!” அவள் கையைப் பற்றிக்கொண்டார். “உனக்குக் கோவம் வரணும்னுதான் பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட கெஞ்சி வாங்கினேன். காலையிலேர்ந்து உடம்பெல்லாம் எரியுது!”