வலப்பக்கத்துக் கதவு

"திரும்பறதுக்கு மூணு மணிப் படகைப் பிடிச்சே ஆகணும், லோரியானா. அதை விட்டா ஆறு மணிக்குத்தான்."

டாரியோ இதைச் சொல்வது ஐந்தாவது முறை. நிறைமாத வயிற்றைத் தாங்கியபடி படகுத் துறையில் இறங்கிய லோரியானா அதைக் காதில் வாங்கவே இல்லை.

"டாக்டர் நிறைய நடக்கச் சொன்னார். எங்க ஊர்ல நடந்தா ஆகாதா?"

"நாளன்னிக்குப் பிரசவ தேதி. ஆஸ்பத்திரி நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கு. இங்க ஒரு மருந்துக் கடைகூடக் கிடையாது."

"மருத்துவச்சி இருக்காங்களே..."

"எங்கே?"

"சும்மா சொன்னேன்," என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சும்மா சொல்லவில்லை. காலையிலிருந்தே மருத்துவச்சியை வீட்டில் உட்கார வைத்துக்கொண்டு காத்திருந்தார் அவள் அப்பா எத்தோரே.

ஏரிக்கரையில், எழுநூறு வருஷக் கோட்டைச் சுவருக்குள் அடங்கிய ஊர் அது. நடுவே ஏறிப் போகும் படிக்கட்டுத் தெருவுக்கு இடப்பக்கம் சிவப்புப் பேட்டை, வலப்பக்கம் நீலப் பேட்டை. வருஷா வருஷம் ஜூலையில் இரண்டுக்கும் படகுப் போட்டி. துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்து, படகைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊருக்குள் ஓடி, மறுபடி ஏரியில் இறக்க வேண்டும். அந்தந்தப் பேட்டைக்குள் பிறந்தவர்தான் படகைத் தொடலாம் என்பது சட்டம். பட்டணத்து ஆஸ்பத்திரி வந்தபின் ஊருக்குள் யாரும் பிறப்பதே இல்லை. இரண்டு அணியிலும் இப்போது ஐம்பத்திரண்டு வயதுக்காரர்தான் இளைஞர்.

சிவப்பு அணிக்குத் தலைவர் எத்தோரே. "ஒரே ஒரு பிள்ளை நம்ம பக்கம் பிறந்தாப் போதும்மா, நிம்மதியாக் கண்ணை மூடுவேன்," என்று போனிலேயே அழுதுவிட்டார்.

பட்டணத்தில் பிறந்து வளர்ந்த டாரியோவிடம் இதைச் சொன்னால் சிரிப்பான். அதனால், "அப்பாவைப் பார்த்துட்டு அன்னிக்கே திரும்பிடலாம்," என்று மட்டும் சொன்னாள். கேட்டவுடன் அவன் தலையாட்டியதுதான் அவளுக்கு ஆச்சரியம்.

அப்பா வீடு படிக்கட்டின் உச்சியில், இடப்பக்கம். டாரியோ பாதிப் படியிலேயே அவளை உட்கார வைத்துவிட்டான்.

"மூச்சு வாங்கறே. இங்கேயே இரு, எலுமிச்சை ஐஸ்கிரீம் வாங்கிட்டு வரேன்."

"வேண்டாம், மேல போயிடலாம்."

"வெயில்ல என்ன அவசரம்?"

போனவன் கால் மணி நேரம் கழித்து, பாதி உருகி ஒழுகும் ஐஸ்கிரீமோடு வந்தான். பிறகு ஏரி பின்னால் தெரிய ஒரு போட்டோ. அது சரியில்லை என்று இன்னொன்று. மூன்றாவது எடுக்கும்போது லோரியானா படியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"டாரியோ, பனிக்குடம் உடைஞ்சிடுச்சு. என்னை அப்பா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. முப்பது படிதான்."

"முப்பது படியா? நடக்கற காரியமா?"

அவளை அப்படியே தூக்கிக்கொண்டு, பக்கத்திலிருந்த கதவைக் காலால் தள்ளினான்.

"ஐயோ, அது நீலம். நீல அணித் தலைவர் வீடு. எதிர்க் கதவைத் தட்டு."

"கதவுக்கு என்ன நிறம்னு பார்க்கற நேரமா இது?"

உள்ளே நீல அணித் தலைவர் சாந்தே எழுந்து நின்றார். கட்டிலில் சலவை விரிப்பு போட்டிருந்தது. அடுப்பில் பெரிய பானை நிறைய வெந்நீர் கொதித்தது. "குளிக்கலாம்னு வெச்சேன், நல்லதாப் போச்சு," என்றார்.

மருத்துவச்சி மேலிருந்து ஓடி வந்து பார்த்துவிட்டு, இனி அவளை அசைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டாள். பின்னாலேயே வந்த எத்தோரே வாசலில் நின்று கெஞ்சினார்.

"கட்டிலோட தூக்கிட்டுப் போயிடறோம் அம்மா. படகையே தூக்கற ஆளுங்க நாங்க."

"உங்க ஆளுங்க வயசைக் கூட்டினா இந்தக் கோட்டை வயசு வரும். தள்ளி நில்லுங்க," என்று கதவைச் சாத்தினாள்.

ஆறு மணிப் படகு ஊதிக்கொண்டு கிளம்பியபோது குழந்தையின் அழுகுரல் கேட்டது. பெண் குழந்தை.

"பொண்ணு படகு தூக்க முடியாதே," என்றார் எத்தோரே நப்பாசையோடு.

"சட்டத்துல பிறந்தவர்னுதான் இருக்கு. ஆம்பளைன்னு எங்கே எழுதியிருக்கு?" என்றார் சாந்தே. வெளியே நீலப் பேட்டை முழுக்கக் கைதட்டல்.

பேத்தியைக் கையில் வாங்கியதும் எத்தோரே இளகிப் போனார். "மூக்கு எங்க வீட்டு மூக்கு. இடம்தான் தப்பாப் போச்சு."

"மன்னிச்சுடுங்க மாமா," என்று டாரியோ தலையைக் குனிந்தான்.

"உங்க மேல தப்பே இல்ல, மாப்பிள்ளை. பட்டணத்துப் பிள்ளை, இடது வலது உங்களுக்கு என்ன தெரியும்? எம்பொண்ணு ஒரு நீலத்துக்காரனைக் கட்டிக்கிட்டு வந்து நின்னிருந்தா அன்னிக்கே என் உயிர் போயிருக்கும். அந்த மட்டும் தப்பிச்சேன்."

அவன் தோளைத் தட்டிவிட்டு, மகளுக்கு சூப் கொண்டுவர வீட்டுக்கு ஏறினார். டாரியோவும் சாந்தேயும் பின்கட்டுச் சமையலறைக்குப் போனார்கள்.

மார்பில் குழந்தை தூங்க, லோரியானா கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா பாவம்தான். ஆனாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலைவிட இந்தப் பழைய கட்டில் எவ்வளவோ மேல் என்று தோன்றியது.

சமையலறையில் கோப்பைகள் மோதும் சத்தம். அதைத் தொடர்ந்து சாந்தேயின் தணிந்த குரல் கேட்டது.

"உன் மாமனார் காதுக்கு மட்டும் இது போகவே கூடாது. என் தங்கச்சி பிறந்த கட்டில்லயே அவ பேத்தியையும் பிறக்க வெச்சுட்டியே, மருமகனே."