ஊசிக்கு மேலே ஒரு ரூபாய்

“ஏம்மா, இது என்ன மாட்டு வண்டியா? பாரம் ஏத்தி வச்சிருக்கே!”

எபினேசர் சிரித்த சிரிப்பில், ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கூட எட்டிப் பார்த்தார். ரிக்கார்டு சுற்றும் டர்ன்டேபிளின் கைநுனியில், ஊசிக்கு நேர் மேலே, ஒற்றை ரூபாய்க் காசு ஒன்று செலோடேப் போட்டு ஒட்டியிருந்தது.

இசக்கிசெல்வி சிரிக்கவில்லை. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பஸ்ஸில் அந்தக் கனத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தவள் அவள்.

“ஊசி துள்ளுது அண்ணாச்சி. ரிக்கார்டைக் கையால முன்ன பின்ன இழுத்தாப் போதும், எகிறி வேற எடத்துக்குப் போயிருது. நாளைக்குப் புளியங்குடியில கல்யாண ரிசப்ஷன். நான் ஒத்துக்கிட்ட மொத புரோகிராம். அங்கன போய்த் துள்ளிச்சுன்னா அவ்வளவுதான், பெறகு ஒருத்தனும் கூப்பிட மாட்டான்.”

சங்கரன்கோவில் வட்டாரத்து சவுண்ட் சர்வீஸ்காரர்களுக்கெல்லாம் எபினேசர்தான் வைத்தியர். சென்னையில் பத்து வருஷம் டிஜே செட்டுகளைப் பிரித்து மாட்டிய கை. முன்னால் ஜெராக்ஸ் மெஷின், பின்னால் மேஜை நிறையக் கழற்றிப் போட்ட ஆம்ப்ளிஃபயர்கள், இவ்வளவுதான் கடை. மனுஷன் தங்கம். ஒரே ஒரு கிறுக்கு உண்டு. கையில் எது வந்தாலும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காமல் கீழே வைக்க மாட்டார்.

மேஜை மட்டமாக இருக்கிறதா என்று பார்த்தார். ஊசி மாட்டிய கையின் பின்பக்கத்து எடையைத் திருகிப் பார்த்தார். அப்புறம் ஊசியை லென்ஸுக்குக் கீழே வைத்துப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

“மிக்ஸிங்கும் நீதானா?”

“இல்ல, அது எங்கண்ணன். நான் ரிக்கார்டை இழுத்து ஸ்கிராட்ச் பண்ணுதது மட்டும். ஊசி மாட்டுத இந்த கார்ட்ரிட்ஜும் அவன் வாங்குனதுதான்.”

“அதான பாத்தேன். இது மிக்ஸிங்குக்கு உள்ளது. பாட்டோட பாட்டைச் சேக்க அருமையா இருக்கும், மெத்துனு உக்காரும். இதைப் போட்டுக்கிட்டு நீ அந்த இழுப்பு இழுத்தா துள்ளாம என்ன செய்யும்? ஸ்கிராட்ச்சுக்கு ஊசிக்காம்பு கெட்டியா இருக்கணும் தாயி. நீ என்னடான்னா காசை வச்சு அமுக்கி, ஊசியையும் தேச்சு, ரிக்கார்டையும் உழுது வச்சிருக்கே.”

“அமுக்கதுக்கு வைக்கல அண்ணாச்சி. அது வந்து...”

“ஆதாரு ரெண்டு காப்பி, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று ஜெராக்ஸுக்கு வந்தவர் அவசரப்படுத்தினார். எபினேசர் மெஷின் பக்கம் திரும்பிவிட்டார்.

ஜெராக்ஸ் போட்டுக்கொண்டே கேட்டார். “நாளைக்கு உங்கண்ணனும் வாரான்லா?”

“கூடத்தான் இருப்பான்.”

“பெறகென்ன பயம்? எங்கிட்ட ஸ்கிராட்ச் கார்ட்ரிட்ஜ் ஒண்ணு கெடக்கு, மாட்டித் தாரேன். சாயங்காலம் நாலு மணிக்கு வா.”

“அந்தக் காசு அதுலயே இருக்கட்டும் அண்ணாச்சி.”

“ஏ, நான் மாட்டுத கார்ட்ரிட்ஜுக்கு மேல காசும் வேண்டாம், கல்லும் வேண்டாம். போய்ட்டு வா.”

மூன்றரைக்கே வந்து நின்றாள். எபினேசர் ஊசியை இறக்கிவிட்டு, “இழுத்துப் பாரு” என்றார்.

முதலில் பயந்து பயந்து இழுத்தாள். அப்புறம் கொஞ்சம் வேகமாக, அப்புறம் மணிக்கட்டை வெட்டி வெட்டி. ஊசி இம்மியும் நகரவில்லை. கடை வாசலில் ஜெராக்ஸுக்கு நின்ற இரண்டு பெண்கள் தலையாட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

அவள் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். எபினேசருக்கும் மனசு நிறைந்தது. ஊசியைத் தூக்கும்போதுதான் டர்ன்டேபிளின் கைநுனியை அவள் பார்த்தாள்.

“காசு எங்க அண்ணாச்சி?”

“அது இனிமே எதுக்கு? சில்லறை டப்பாவுல போட்டுட்டேன்.”

ஜெராக்ஸ் சில்லறை போடுகிற பழைய பிஸ்கட் டப்பா அது. அவர் அனுமதிக்குக்கூடக் காத்திருக்காமல் மேஜையில் கவிழ்த்தாள். ஒவ்வொரு காசாக எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துப் பார்த்துத் தள்ளி வைத்தாள். வாசலில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எபினேசருக்கு எரிச்சலாக வந்தது. “எல்லாம் ஒரே ரூபாதானம்மா? ஒண்ணுக்குப் பத்தா எடுத்துக்கோ, நானா வேண்டாங்கேன்?”

“எங்காசுல சந்தனம் காஞ்சு ஒட்டியிருக்கும் அண்ணாச்சி. நடுவுல கொஞ்சம் குங்குமம் இருக்கும்.”

“அட, அந்த அழுக்கா? அதான் ஸ்பிரிட் போட்டு நல்லாத் தொடச்சுட்டனே!”

அவள் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. மேஜை முழுக்க ஒற்றை ரூபாய்கள் கிடந்தன. எது எதென்று இனி யாராலும் சொல்ல முடியாது.

எபினேசருக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. “சாமிக்கு முடிஞ்சு வச்ச காசா தாயி? மொதல்லயே சொல்லப்படாதா? கோமதி அம்மன் கோயில் இந்தா பக்கத்துலதான இருக்கு. புதுக் காசு ஒண்ணை அம்மன் காலடியில வச்சு வாங்கிக்கிட்டாப் போச்சு.”

 அவள் காசுகளை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு, இல்லையென்று தலையை ஆட்டினாள்.

“அது எங்கண்ணன் நெத்தியில வச்சிருந்த காசு.”