பஞ்சாரத்துக்குள் செவலை

கதவு கிடையாது, பூட்டும் கிடையாது. ஆனால் உள்ளே அகப்பட்ட கோழி வெளியே வர முடியாது. அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்? பஞ்சாரம்தான். கோழியின் மேல் கவிழ்த்து மூடும் மூங்கில் கூடை.

அதற்குள்தான் செவலைக் கோழி உட்கார்ந்திருந்தது. தண்ணீர்த் தொட்டி எல்லாருக்கும் பொது என்று தொட்டியடியில் நின்று கொக்கரித்ததற்காக, தொட்டியைத் தனக்கென்று பிடித்து வைத்திருந்த வான்கோழி அதை மூடி வைத்திருந்தது.

“குஞ்சு வச்சிருக்கிறவளுக்கு இந்த வீறாப்பு எதுக்குடி?” என்று வெளியிலிருந்து சேவல் அலுத்துக்கொண்டது. “பொழுது சாயுது. அது யார் இறக்கைக்குள்ள படுக்கும்?”

“சேத்துத் தண்ணியைக் குடிச்சிட்டு நேத்து அது துவண்டு கிடந்ததே, அப்ப நீங்க எங்கே போனீங்க?” என்றது செவலை.

வான்கோழி வந்தது. “இனிமே கத்த மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. கூடையைத் தூக்கிடுறேன்.”

குஞ்சு வெளியே கீச்கீச்சென்று தேடிக்கொண்டிருந்தது. செவலைக்கு மனசு தாங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று அலகைத் திறந்தது. அதற்குள் குஞ்சு மூங்கில் சந்தில் தலையை நுழைத்து, உடம்பை நெளித்து, உள்ளே வந்து நின்றது. பெரிய கோழிகளுக்காகப் பின்னிய கூடை அது. வான்கோழி இதை யோசிக்கவே இல்லை.

செவலை திறந்த அலகை மூடிக்கொண்டு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது. “அப்பாகிட்டப் போறியா, கண்ணு? வெளியே காத்தோட்டமா இருக்கும்.”

குஞ்சு உள்ளேயே படுத்துக்கொண்டது.